கொதிநீர் குடிக்கும் மண்

பசுமைக்குடிலுக்குள் ஒரு செடிகூட இல்லை. தரையை ஆழமாக உழுது, மட்டம் பார்த்துச் சமன் செய்து, மேலே ஷீட் விரித்துவைத்திருக்கிறார்கள். ஷீட்டுக்கு அடியில் வரிசை வரிசையாகத் துளையிட்ட குழாய்கள் ஓடுகின்றன. வெளியே, வண்டியில் கொண்டுவந்து நிறுத்திய கொதிகலன் உறுமுகிறது. அதிலிருந்து குழாய்களுக்கு வரும் நீரின் சூடு 80, 90 டிகிரி செல்சியஸ். மணிக்கணக்கில் அந்த நீர் மண்ணுக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும். தக்காளி நடுவதற்கு முன்னால் ஜப்பானிய விவசாயிகள் சிலர் தங்கள் மண்ணுக்குச் செய்யும் சிகிச்சை இது. கைக்குழந்தையின் பால்புட்டியைக் கொதிநீரில் போட்டு எடுக்கிறோம் அல்லவா, அதே வேலைதான். புட்டி இருந்த இடத்தில் வயல் இருக்கிறது.

ஏன் இந்தப் பாடு? ஒரே மண்ணில் ஆண்டுக்கு ஆண்டு தக்காளியையே வைத்தால், தக்காளியைத் தின்று பிழைக்கும் உயிர்களும் அந்த மண்ணிலேயே குடும்பம் பெருக்கும். அவற்றில் கொடியது ஃபுசேரியம் என்ற பூஞ்சை. வேர் வழியாக நுழைந்து, தண்டில் நீர் ஏறும் குழல்களை அடைத்துவிடும். செடி நண்பகலில் துவளும், மாலையில் நிமிரும், இன்னும் சில நாளில் மாலையிலும் நிமிராது. வாழை பயிரிடுகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வாழையின் பனாமா வாடல் நோயைக் கொண்டுவருவதும் இதே பூஞ்சை இனத்தின் இன்னொரு வகைதான். செடி செத்த பிறகும் தடித்த சுவருள்ள வித்துகளாக அது பல ஆண்டுகள் மண்ணில் காத்திருக்கும். இதோடு வேர்முடிச்சு நூற்புழுவும் பாக்டீரியா வாடலும் சேர்ந்துகொள்ளும். கூரை போட்ட குடில் மண்ணில் மழை விழாது, பயிர் மாறாது, ஓய்வும் குறைவு. ஜப்பானில் இப்படிப்பட்ட குடில்கள் சுமார் 40,000 ஹெக்டேரில் பரந்திருக்கின்றன.

1980களில் அந்நாட்டுக் காய்கறி ஆராய்ச்சியாளர்கள் தக்காளியின் ஃபுசேரியம் வாடலுக்கு எதிராகச் சுடுநீரைப் பயன்படுத்திப் பார்த்தார்கள். பலன் இருந்தது. இதில் ஒளிந்திருக்கும் உண்மை எளியது. கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் கென்னத் பேக்கர் 1957இல் பதிப்பித்த நாற்றங்கால் கையேடு அதைத் தெளிவாகச் சொல்லியிருந்தது. ஈர மண்ணை 60 டிகிரியில் அரை மணி நேரம் வைத்திருந்தால் பயிரைக் கெடுக்கும் பூஞ்சை, பாக்டீரியா, நூற்புழு ஆகியவற்றில் பெரும்பாலானவை மடிந்துவிடும். சில வைரஸ்களும், வித்து உறைக்குள் ஒடுங்கும் பாக்டீரியாக்களும்தான் அதைத் தாண்டி நிற்கும். நீராவியாலும் இதைச் செய்யலாம். 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே கண்ணாடிக் குடில்களில் செய்தார்கள். ஆனால் ஆவி மேல்மண்ணிலேயே குளிர்ந்து நீராகி நின்றுவிடும். சுடுநீர் தன் எடையாலேயே கீழே இறங்கி, வேர் போகும் ஆழத்துக்கு வெப்பத்தைக் கொண்டுபோகும். போகிற வழியில், மழை காணாத குடில் மண்ணில் படிந்த உப்பையும் அலசிவிடும். விவசாயிக்கு இது இரட்டை லாபம்.

அந்தக் கொதிகலனுக்கு மேலே ஒரு புகைபோக்கியும் இருக்கிறது. இந்த அத்தியாயத்தின் கணக்கு அங்கேதான் தொடங்குகிறது.

*

ஜப்பானிய விவசாயிகள் நிலத்தை 1,000 சதுர மீட்டர் அளவில் பேசுவார்கள். நம் கணக்கில் ஏறக்குறைய 25 சென்ட், அதாவது கால் ஏக்கர். ஒரு சதுர மீட்டருக்கு 100 முதல் 200 லிட்டர் சுடுநீர் விடுவது வழக்கம். நடுவில் 150 என்று வைத்துக்கொள்வோம். மழை அளவில் சொன்னால் அது 15 செ.மீ. நம் ஊரில் ஒரே நாளில் 15 செ.மீ. கொட்டினால் பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விடுவார்கள். அந்த மழை முழுவதையும் கொதிக்கும் பதத்துக்குக் கிட்டத்தில் சூடேற்றிப் பொழிவதாக நினைத்துக்கொள்ளுங்கள். 25 சென்ட்டுக்கு 1,50,000 லிட்டர் வேண்டும்; 12,000 லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரிகள் பன்னிரண்டரை.

இப்போது ஒரு தாளை எடுத்துக்கொண்டால் நீங்களே கணக்கிடலாம். ஒரு லிட்டர் நீரை ஒரு டிகிரி சூடாக்க 4.2 கிலோ ஜூல் வேண்டும். கிணற்று நீர் 15 டிகிரியில் வருகிறது, 85 டிகிரிக்கு ஏற்ற வேண்டும் என்றால் 70 டிகிரி உயர்வு. 150 லிட்டருக்கு இது ஏறத்தாழ 44 மெகா ஜூல். எரிக்கும் வெப்பம் முழுவதும் நீருக்குப் போகாது. 85 சதவீதம் போகிறது என்று கொண்டால் 52 மெகா ஜூலுக்கு எண்ணெய் எரிக்க வேண்டும். ஒரு லிட்டர் மண்ணெண்ணெயில் இருப்பது சுமார் 36.5 மெகா ஜூல். ஆக, ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 1.4 லிட்டர் மண்ணெண்ணெய். ஒரு லிட்டர் எரிந்தால் சுமார் 2.5 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது. ஒரு சதுர மீட்டர் என்பது ஒரு ஆள் சம்மணமிட்டு உட்காரும் இடம்தான். அதைச் சுத்தப்படுத்த மூன்றரை கிலோ கரியமில வாயு.

25 சென்ட்டுக்கு 1,400 லிட்டர் மண்ணெண்ணெய், மூன்றரை டன் வாயு. ஏக்கர் கணக்கில் 14 டன். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் பெட்ரோல் கார் மூன்றரை டன் வாயுவை வெளியிட வேண்டுமானால் சுமார் 23,000 கிலோமீட்டர் ஓட வேண்டும். சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்குப் பதினாறு முறை போய்த் திரும்புகிற தூரம் அது. இங்கே அவ்வளவும் ஒரு கால் ஏக்கரில், சில நாளில் முடிந்துவிடுகிறது.

நல்ல கொதிகலன் வைத்தால் இதைக் குறைக்கலாமே என்று தோன்றும். கொஞ்சம் குறைக்கலாம். ஆனால் இன்னொரு பக்கத்திலிருந்து கணக்குப் போட்டால் எல்லை எங்கே என்று தெரியும். ஈர மண்ணின் வெப்பக் கொள்ளளவு கன மீட்டருக்கு, டிகிரிக்கு, சுமார் 3 மெகா ஜூல். ஒரு சதுர மீட்டர் நிலத்தை 30 செ.மீ. ஆழம் வரை 20 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுபோக வேண்டுமானால் மண்ணே 36 மெகா ஜூலை விழுங்கும். நாம் நீரில் ஏற்றியது 44. இடையில் இருக்கும் வித்தியாசம் சிறியது. கருவியில் பெரிய வீண் எதுவும் இல்லை. மண் கனமானது, அதைச் சூடாக்குவது கனமான வேலை, அவ்வளவுதான். நீராவி விட்டாலும், மின்கம்பி புதைத்தாலும் அந்த 36 மெகா ஜூலை யாராவது கொடுத்தே தீர வேண்டும். சுடுநீர் முறையைப் பற்றிய எந்த விவாதத்திலும் முதலில் மேசையில் வைக்க வேண்டிய எண் இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

*

இந்தச் செலவான வழிக்கு விவசாயிகள் ஏன் வந்தார்கள்? அதற்கு முன்னால் அவர்களிடம் மலிவான ஒன்று இருந்தது. மெத்தில் புரோமைடு. நிறமில்லாத வாயு. ஷீட்டுக்கு அடியில் விட்டால் மண்ணின் ஒவ்வொரு இடுக்குக்குள்ளும் புகுந்து பூஞ்சை, புழு, களை விதை எல்லாவற்றையும் கொன்றுவிடும். 25 சென்ட்டுக்கு 20, 30 கிலோ போதும். பிறகு ஷீட்டை எடுத்தால் வாயு காற்றில் போய்விடும். போகிற இடம் வானத்தின் ஓசோன் படலம் என்பதும், அங்கே புரோமின் அணு குளோரினைவிட மூர்க்கமாக ஓசோனை அழிக்கும் என்பதும் தெரிந்தபோது, 1992இல் கோபன்ஹேகனில் கூடிய நாடுகள் அதை மாண்ட்ரியல் ஒப்பந்தத்தின் பட்டியலில் சேர்த்தன. வளர்ந்த நாடுகளுக்கு 2005, வளரும் நாடுகளுக்கு 2015 என்று கெடு வைத்தார்கள். ஜப்பானில் இஞ்சி, தர்பூசணி, மிளகாய் போன்ற சில பயிர்களுக்கு விலக்கு 2012 வரை நீடித்தது. பிறகு அதுவும் நின்றது.

செய்தது சரியான காரியம். இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் இரண்டு கணக்குப் புத்தகங்களைப் பக்கத்தில் பக்கத்தில் திறந்துவைத்தால் ஒரு சங்கடம் தெரியும். புவி வெப்பமாதல் என்ற புத்தகத்தில் மெத்தில் புரோமைடின் எடை மிகக் குறைவு. நூறு ஆண்டுக் கணக்கில் ஒரு கிலோ மெத்தில் புரோமைடு ஏறக்குறைய இரண்டரைக் கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். 30 கிலோ முழுவதும் காற்றில் போனாலும் 75 கிலோதான். அதன் இடத்தில் வந்த சுடுநீரின் கணக்கு 3,500 கிலோ. ஓசோனுக்குச் செய்த நன்மையின் செலவு இன்னொரு புத்தகத்தில் பற்று எழுதப்பட்டிருக்கிறது.

மாவு மில்களிலும் வீடுகளிலும் பூச்சி கொல்ல மெத்தில் புரோமைடுக்குப் பதிலாக வந்த சல்ஃபியூரில் ஃபுளோரைடின் கதை இன்னும் கடுமையானது. அது ஓசோனைத் தொடாது; ஆனால் வெப்பத்தைப் பிடித்துவைப்பதில் கார்பன் டை ஆக்சைடைப் போல 4,000 மடங்குக்கு மேல். ஒரு நஞ்சை விலக்கும்போது அடுத்ததை ஒரே ஒரு அளவுகோலால் அளந்தால் இப்படித்தான் ஆகிறது.

*

புகைபோக்கியை விட்டுவிட்டு மண்ணுக்குள் இறங்குவோம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

1909இல் இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தில் ரசல், ஹட்சின்சன் என்ற இருவர் ஒரு விந்தையைப் பதிவு செய்தார்கள். மண்ணைச் சூடாக்கினால் அதிலுள்ள பாக்டீரியாக்களின் எண்ணிக்கை முதலில் சரிகிறது. பிறகு மீண்டு, முன்பிருந்ததைவிடப் பல மடங்கு பெருகுகிறது. அம்மோனியாவும் அந்த மண்ணில் குவிகிறது. பயிர் செழிக்கிறது. பாக்டீரியாவைத் தின்னும் ஒரு செல் உயிர்களை வெப்பம் கொன்றுவிடுவதால் பாக்டீரியாக்கள் தடையின்றிப் பெருகுகின்றன என்று அவர்கள் கருதினார்கள். அந்த விளக்கம் முழுவதுமாக நிலைக்கவில்லை. அவர்கள் கண்ணால் கண்டது மட்டும் நிலைத்தது.

நடப்பது இதுதான். மண்ணில் செத்த நுண்ணுயிர்கள் பிழைத்தவற்றுக்கு விருந்தாகின்றன. வெப்பத்தைத் தாங்கும் வித்துகளாக ஒடுங்கிக் கிடந்த பசில்லஸ் போன்றவை விழித்து அந்தப் பிணங்களைத் தின்கின்றன. தின்னும்போது மூச்சு விடுகின்றன. மண்ணிலிருந்து கார்பன் டை ஆக்சைடு திடீரென்று பொங்குகிறது. இதே ராத்தம்ஸ்டெட்டில் 1976இல் ஜென்கின்சனும் பவுல்சனும் இந்தப் பொங்கலையே ஓர் அளவுகோலாக்கினார்கள். மண்ணைக் குளோரோஃபார்ம் ஆவியால் கொன்று, பத்து நாள் வைத்து, எவ்வளவு வாயு கூடுதலாக வருகிறது என்று அளந்தால் அந்த மண்ணில் முன்பு எவ்வளவு உயிர் இருந்தது என்று கணக்கிடலாம். இறந்தவர்களின் எண்ணிக்கையிலிருந்து ஊரின் மக்கள்தொகையைக் கண்டுபிடித்த அந்த முறையிலிருந்துதான் மண்ணின் உயிர்ப்பை அளக்கும் நவீன அறிவியல் வளர்ந்தது.

சுடுநீர் விட்ட வயலிலும் இந்தப் பொங்கல் நடக்கும். ஆனால் இதை மண்ணெண்ணெயின் கார்பனோடு ஒன்றாகச் சேர்க்கக் கூடாது. நுண்ணுயிரின் உடலில் இருந்த கார்பன் அண்மையில் பயிர் காற்றிலிருந்து எடுத்தது. அடுத்த பயிர் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். மண்ணெண்ணெயின் கார்பன் கோடிக்கணக்கான ஆண்டுகள் பூமிக்கடியில் பூட்டிக் கிடந்தது. அதை வெளியே விட்டால் காற்றின் இருப்பில் புதிதாகச் சேரும்.

கவலைப்பட வேண்டிய வாயு வேறு: நைட்ரஸ் ஆக்சைடு. ஒரு கிலோ நைட்ரஸ் ஆக்சைடு நூறு ஆண்டுக் கணக்கில் 273 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். காற்றில் நூறு ஆண்டுக்கு மேல் தங்கும். இந்தியாவில் பிறந்த வேதியியல் அறிஞர் ஏ.ஆர். ரவிசங்கராவும் அவருடைய இரு சகாக்களும் 2009இல் இன்னொரு செய்தியையும் காட்டினார்கள். இந்த நூற்றாண்டில் மனிதர்கள் வெளியிடும் ஓசோன் அழிப்பான்களில் முதலிடம் இதற்குத்தான். மாண்ட்ரியல் ஒப்பந்தம் இதைக் கட்டுப்படுத்துவதில்லை. ஓசோனைக் காப்பதற்காக மெத்தில் புரோமைடைக் கைவிட்ட வயலிலிருந்து ஓசோனைத் தின்னும் இன்னொரு வாயு வருகிறதா என்பது ஆகவே நியாயமான கேள்வி.

சுடுநீர் விட்ட மண்ணில் நைட்ரஸ் ஆக்சைடு கிளம்ப இரண்டு வாய்ப்புகள் உண்டு. முதலாவது, மண் ஆறத் தொடங்கும் நாட்களில். மண் நனைந்து கிடக்கிறது, காற்று உள்ளே போக வழியில்லை, செத்த நுண்ணுயிர்கள் என்ற உணவு தாராளமாக இருக்கிறது. ஆக்சிஜன் கிடைக்காத பாக்டீரியாக்கள் நைட்ரேட்டில் இருக்கும் ஆக்சிஜனை உருவி மூச்சு விடும். அந்த வேலை பாதியில் நின்றால் நைட்ரஸ் ஆக்சைடு, முழுமையானால் தீங்கற்ற நைட்ரஜன். மண் சேறாக ஊறிக் கிடந்தால் பெரும்பாலும் வேலை முழுமையாகும். ஈரம் வடியத் தொடங்கும் நடுநிலையில்தான் பாதி வேலைகள் அதிகம். இங்கே சுடுநீர் ஓர் உதவியும் செய்கிறது. 15 செ.மீ. மழைக்குச் சமமான நீர், மேல்மண்ணின் நைட்ரேட்டை அடித்துக்கொண்டு கீழே போய்விடுவதால் மேலே மூலப்பொருள் குறைகிறது. ஆனால் அந்த நைட்ரேட் மறைந்துவிடவில்லை. நிலத்தடி நீரைத் தேடிப் போயிருக்கிறது.

இரண்டாவது வாய்ப்பு சில வாரங்கள் கழித்து வரும். அம்மோனியத்தை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாக்கள் மென்மையானவை. வெப்பத்தில் முதலில் சாகும், கடைசியில்தான் திரும்பிவரும். அதுவரை அம்மோனியம் குவிந்துகொண்டே இருக்கும். அவை திரும்பிவந்து குவிந்த இருப்பைச் செலவழிக்கும்போது அந்த வழியிலும் நைட்ரஸ் ஆக்சைடு கசியும். இங்கே விவசாயியின் கையில் ஒரு கடிவாளம் உண்டு. சுடுநீர் விட்ட பிறகு மண்ணிலேயே நைட்ரஜன் என்ற தழைச்சத்து விடுபட்டுக் கிடப்பதால் அடியுரத்தைக் குறைத்துப் போட வேண்டும். வழக்கமான அளவையே கொட்டினால் பயிருக்கும் கேடு, காற்றுக்கும் கேடு.

மீத்தேனைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. வறண்ட வயல் மண் காற்றிலிருந்து கொஞ்சம் மீத்தேனை உறிஞ்சும். வெப்பம் அந்த வேலையைச் செய்யும் நுண்ணுயிர்களைக் கொல்லும்போது உறிஞ்சுவது நிற்கும். அளவு சிறியது.

அப்படியானால் மண்ணின் மூச்சு பெரிதா, புகைபோக்கி பெரிதா? 25 சென்ட்டில் ஒரு பருவத்துக்கு 30 கிலோ தழைச்சத்து போடுவதாகக் கொள்வோம். போட்ட தழைச்சத்தில் ஒரு சதவீதம் நைட்ரஸ் ஆக்சைடாகப் போகும் என்பது நாடுகளின் வாயுக் கணக்கெடுப்பில் பயன்படும் பொது விதி. அப்படிப் பார்த்தால், சேரும் ஆக்சிஜனின் எடையோடு, அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவான நைட்ரஸ் ஆக்சைடு, அதாவது 130 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். சுடுநீரால் இது மும்மடங்கானாலும் 400 கிலோவைத் தொடாது. கொதிகலனோ 3,500 கிலோ. மண் கொதிகலனை எட்டிப் பிடிக்க வேண்டுமானால் போட்ட உரத்தின் தழைச்சத்தில் கால் பங்குக்கு மேல் நைட்ரஸ் ஆக்சைடாகவே பறந்தாக வேண்டும். வயலில் எங்கும் காணாத நிலை அது.

இரசாயன மருந்துகளில் கதை தலைகீழ். குளோரோபிக்ரின் என்ற புகையூட்டி முதல் உலகப் போரில் கண்ணை எரிக்கும் ஆயுதமாகப் பயன்பட்டது. இன்று மெத்தில் புரோமைடின் இடத்தைப் பிடித்துக்கொண்ட மருந்துகளில் ஒன்று. அமெரிக்க வேளாண் ஆய்வாளர்கள் ஸ்போகாஸ், வாங் இருவரும் 2003இல் வெளியிட்ட ஆய்வில், குளோரோபிக்ரின் விட்ட மண்ணிலிருந்து நைட்ரஸ் ஆக்சைடு பல மடங்கு கூடியதைக் காட்டினார்கள். வயலில் கொதிகலன் இல்லை, புகை இல்லை, ஆகவே வாயுவும் இல்லை என்று நினைத்திருந்த இடத்தில், கண்ணுக்குத் தெரியாமல் மண்ணே வாயுவை விட்டுக்கொண்டிருந்தது.

*

36 மெகா ஜூலை யாராவது கொடுத்தே தீர வேண்டும் என்றேன். கொடுக்கத் தயாராக ஒருவர் இருக்கிறார்: சூரியன்.

இஸ்ரேலின் யோர்தான் பள்ளத்தாக்கில், பாலித்தீன் விரித்த பாத்திகளின் மண் கோடையில் கடுமையாகச் சூடாவதை விவசாயிகளும் வேளாண் அலுவலர்களும் கவனித்திருந்தார்கள். அந்தக் கவனிப்பிலிருந்து புறப்பட்ட யாகோவ் காட்டானும் அவருடைய குழுவினரும் 1976இல் சூரிய வெப்பமூட்டலை அறிவியல் முறையாக நிறுவினார்கள். ஈர மண்ணின் மேல் ஒளி ஊடுருவும் ஷீட்டைப் போர்த்தி நான்கு முதல் ஆறு வாரம் விட்டுவிடுவதுதான் முறை. 60 டிகிரி வராது. 40, 45 டிகிரிதான். ஆனால் அரை மணியில் 60 டிகிரி செய்வதைப் பல வாரங்களில் 40 டிகிரி செய்யும். ஜப்பானின் நாரா மாநிலத்தில் ஸ்ட்ராபெரி வாடல் நோய்க்கு இதையே குடிலுக்குள் செய்தார்கள். வைக்கோலையும் கால்சியம் சயனமைடையும் மண்ணில் கலந்து, நீர் விட்டு, ஷீட் போர்த்தி, கோடையின் உச்சத்தில் குடிலையும் அடைத்துவிட்டார்கள். குடிலே அடுப்பானது.

நம் ஊர்க் கோடை உழவும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். சித்திரை வெயிலில் மண்ணைப் புரட்டிப் போட்டு, கூட்டுப்புழுவையும் நூற்புழுவையும் காய விடுகிறோம். அதற்கு ஷீட்கூட வேண்டாம்.

ஷீட்டின் கணக்கையும் போட்டுவிடுவோம். 0.05 மி.மீ. தடிமனுள்ள பாலித்தீன் ஒரு சதுர மீட்டருக்கு 46 கிராம். அதைத் தயாரிக்கும்போது வெளிவருவதையும், கடைசியில் எரித்தால் வருவதையும் கூட்டினாலும் கால் கிலோ கார்பன் டை ஆக்சைடு. சுடுநீரின் மூன்றரை கிலோவுக்கு எதிரே இது பதினான்கில் ஒரு பங்கு.

அப்படியிருந்தும் சுடுநீருக்கு ஏன் ஆள் இருக்கிறது? எண்ணெய் கொடுத்து விவசாயி வாங்குவது நேரம். கோடையிலேயே தக்காளி விளையும் குளிர்ந்த மலைப்பகுதிகளில் வெயிலும் போதாது, அந்த மாதங்களில் நிலமும் காலியாக இருக்காது. சுடுநீர் பருவம் பார்க்காது. சில நாளில் முடிந்துவிடும், மண் ஆறியதும் நடவு செய்யலாம். ஆழத்தில் ஒளிந்திருக்கும் பூஞ்சையையும் எட்டும். நஞ்சு எதையும் கையால் தொட வேண்டியதில்லை. குடிலுக்குப் பக்கத்தில் வீடுகள் இருக்கும் ஊர்களில் இது சாதாரண விஷயம் அல்ல. இந்தக் காரணங்களை மதிக்காமல் சுடுநீர் முறையைக் குறை சொல்வது விவசாயிக்குச் செய்யும் அநியாயம்.

குளிர்ப் பகுதிக்கும் ஒரு மாற்று வந்திருக்கிறது, அதுவும் ஜப்பானிலிருந்தே. ஹொக்கைடோ தீவின் ஆய்வாளர்கள் 25 சென்ட்டுக்கு ஒரு டன் கோதுமைத் தவிட்டை மண்ணில் கலந்து, நீரால் நிரப்பி, ஷீட் போட்டு மூடினார்கள். 30 டிகிரி சூடு சுமார் மூன்று வாரம் இருந்தால் போதும். தவிட்டைத் தின்னும் பாக்டீரியாக்கள் மண்ணின் ஆக்சிஜனைத் தீர்த்துவிடும். புளித்து அசிட்டிக், பியூட்ரிக் அமிலங்கள் உண்டாகும். பூஞ்சை மூச்சுத் திணறிச் சாகும். சாக்கடை நாற்றம் வந்தால் வேலை சரியாக நடக்கிறது என்று பொருள். வெப்பம் செய்த வேலையை இங்கே பசி செய்கிறது. காற்றில்லாத மண்ணில் மீத்தேன் வராதா என்று கேட்பீர்கள். தவிட்டின் கார்பனில் ஒரு சதவீதம் மீத்தேனாக மாறுவதாகவே வைத்துக்கொண்டாலும் சுமார் 6 கிலோ மீத்தேன். 160 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். நைட்ரஸ் ஆக்சைடையும் சேர்த்தால் கூடும். என்றாலும் கொதிகலனிலிருந்து வெகு தூரத்தில் இருக்கிறது.

மின்சாரத்தால் சுடுநீர் காய்ச்சலாம் என்ற யோசனையும் உண்டு. 90 டிகிரி வரை நீரைச் சூடாக்கும் வெப்ப விசையியக்கிகள் ஜப்பானிய வீடுகளில் 2001 முதல் இருக்கின்றன. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று யூனிட் வெப்பம் தந்தாலும் 25 சென்ட்டுக்கு 4,000 யூனிட் வேண்டும், அதுவும் ஓரிரு நாளுக்குள். வயலோர மின்கம்பி அதைத் தாங்காது.

கொதிகலனும் வேண்டாம், தவிடும் வேண்டாம் என்கிற வழி ஒன்றும் இருக்கிறது. ஜப்பானியக் கத்தரி விவசாயிகள் பாக்டீரியா வாடலைத் தாங்கும் ஒரு காட்டுச் செடியின் வேரில் கத்தரியை ஒட்டுக்கட்டி நடுகிறார்கள். வேருக்காக அவர்கள் தேர்ந்தெடுத்த செடிகளில் பெயர் பெற்றது, நம் வீட்டு வற்றல் குழம்பில் கிடக்கும் சுண்டைக்காய்ச் செடி. மண்ணில் நோய் இருக்கட்டும், வேர் அதைப் பொருட்படுத்தாது என்பது அந்த ஒட்டின் தத்துவம். எல்லாப் பயிருக்கும் இப்படி ஒரு வேர் கிடைப்பதில்லை. கீரைக்கு ஒட்டுக்கட்ட முடியாது. கிடைக்கிற இடத்தில் அதற்கு ஈடு இல்லை.

என் தீர்ப்பு இது. சுடுநீர் நல்ல மருந்து, ஆனால் கடைசி மருந்து. வெயில் கிடைக்கும் இடத்தில் வெயில், வேர் கிடைக்கும் பயிரில் ஒட்டு, 30 டிகிரி கிடைக்கும் மாதத்தில் தவிடு. இவை மூன்றும் கைவிட்ட மண்ணுக்குக் கொதிகலன் வரட்டும். அதுவும் குடில் முழுவதற்கும் வேண்டாம், நோய் கண்ட பாத்திகளுக்கு. 25 சென்ட்டில் 10 டன் தக்காளி எடுக்கும் விவசாயி ஆண்டுதோறும் சுடுநீர் விட்டால் ஒவ்வொரு கிலோ தக்காளியின் தலையிலும் 350 கிராம் கார்பன் டை ஆக்சைடு ஏறுகிறது. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை விட்டால் 120 கிராம்கூட இல்லை. மூன்றில் ஒரு பங்கு பாத்திக்கு மட்டும் விட்டால் அது 40 கிராமுக்கு இறங்கும். நோய் வந்து குடில் முழுவதும் பயிர் செத்தால், குளிர்காலம் முழுக்க அந்தக் குடிலைச் சூடாக வைக்க எரித்த எண்ணெய் அத்தனையும் வீண் என்பதையும் இதே தராசில் வைத்துப் பார்க்க வேண்டும்.

மண் நோய்களை ஆராய்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். சோதனை முடிவை எழுதும்போது வாடிய செடிகளின் எண்ணிக்கைக்கு ஒரு பத்தி, விளைச்சலுக்கு ஒரு பத்தி ஒதுக்குகிறீர்கள். அதே பட்டியலில் இன்னும் இரண்டு பத்திகள் சேருங்கள்: எத்தனை லிட்டர் எண்ணெய் எரிந்தது, மண்ணிலிருந்து எவ்வளவு நைட்ரஸ் ஆக்சைடு வந்தது. நடவு முடிந்து சில வாரங்கள் வரையாவது அளந்துகொண்டிருங்கள். அந்த வாயு தாமதமாகத்தான் வரும்.